இந்த வீட்டில் மூவர்

புகார்ப் பட்டியலில் அந்த வீட்டுக்கு எதிரே ஒரே வாசகம்தான் இருந்தது: "இரண்டு கணினிகளும் இணைப்பில் உள்ளன. ஒன்றையொன்று பார்க்கவில்லை." பத்தொன்பது நாட்களில் நான்கு முறை இதே வாசகம் பதிவாகியிருந்தது. தொலைபேசியில் சரிசெய்யும் பிரிவு நான்கு முறையும் 'பழுது இல்லை' என்று எழுதி மூடியிருந்தது. ஐந்தாவது முறை நேரில் போய்ப் பார்க்கும்படி இணைய நிறுவனத்தின் களப்பணியாளர் பிலோமினாவிடம் வந்தது.

திருச்சி கே.கே. நகரில் மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்தவர் தணிகாசலம். நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளராக முப்பத்தோரு ஆண்டுகள் பாலங்களுக்கு வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்பது. வணக்கம் சொல்வதற்கு முன்பே ஒரு தாளை நீட்டினார். தான் செய்து பார்த்தவற்றையெல்லாம் எண் போட்டு எழுதி வைத்திருந்தார்.

"பதினாலு இருக்கும்மா. அணைச்சுப் போட்டது, கணினிப் பேரை மாத்திப் பார்த்தது, பகிர்வை நிறுத்தித் திரும்பப் போட்டது, ஃபயர்வாலை எடுத்தது..."

"ஃபயர்வாலை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டுத் திரும்ப வச்சுட்டேன். ஒன்பதாவது பாருங்க."

"பதினொண்ணாவது 'சாமி கும்பிட்டது'ன்னு இருக்கே சார்."

"அதையும் விட்டு வைக்கலை."

அவருடைய கணினி கூடத்தின் மூலையில் இருந்தது. கம்பியில்லா இணைப்பின் அலை குறைவில்லாமல் வந்தது. பகிர்வு திறந்திருந்தது. பிலோமினா அடுத்த கணினியின் முகவரியை அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. பட்டியலில் அது இருப்பதாகவே காட்டவில்லை.

"இன்னொண்ணு யாரோடது சார்?"

"அவங்களோடது." யார் என்று அவர் சொல்லவில்லை. "அந்த ரூம்ல. கதவு திறந்துதான் இருக்கும். நீங்க போய்ப் பாருங்க, நான் வரலை."

அறையில் இருந்தவர் அவருடைய மனைவி சௌந்தரவல்லி. பதிப்பகங்களுக்குப் பாடநூல் மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பவர். ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் திரையில் திறந்திருந்தது. பிலோமினா கேட்பதற்குள் எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

"என் பக்கம் ஒண்ணையும் நான் தொடலை. அவர்தான் எதையாவது நோண்டியிருப்பாரு."

"பதினாலு வழி பார்த்திருக்காரும்மா."

"பதினாலும் தப்பா இருக்கும்."

அந்தக் கணினியிலும் எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டு கணினிகளும் பகிர்ந்துகொண்டது ஒரே ஒரு கோப்பைத்தான். அதன் பெயர் 'வீட்டுக் குறிப்பு'. சோதிப்பதற்காகப் பிலோமினா பத்தொன்பது நாள் பழைய பிரதியைத் திறந்தாள். கடைசி வரிகள் இப்படி இருந்தன:

கேஸ் பதிவு செய்தாகிவிட்டது. வியாழன் வரும்.

ரத்த அழுத்த மாத்திரை இரண்டு நாளுக்குத்தான் இருக்கிறது.

வாங்கியாயிற்று. அலமாரியில், மேல் தட்டு.

மேலே நகர்த்தினாள். பக்கங்கள் நீண்டுகொண்டே போயின. முதல் வரியின் தேதி பதினொரு ஆண்டுகளுக்கு முந்தையது.

கூடத்துச் சுவரில், வீட்டுக் கணினிகளை இணைக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று சோப்புப் பெட்டி அளவில் இருந்தது. அதை அகவலை என்பார்கள். எல்லா வீட்டிலும் இப்போது அதுதான். அதன் பதிவைத் தன் பலகைக் கணினியில் திறந்து பார்த்த பிலோமினாவுக்கு விஷயம் விளங்கியது. விளங்கிய பிறகு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"சார், பழுது இல்லை. பெட்டி உங்களை ரெண்டு வீடா எடுத்துக்கிட்டிருக்கு."

"ஒரே வாசல், ஒரே சமையல்கட்டு. எப்படிம்மா ரெண்டு?"

"இப்ப கடவுச்சொல் கிடையாதுல்ல சார். முன்னாடி எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. குடியிருக்கறவங்க படத்தை வீட்டுக்காரர் பார்க்கறது, பிரிஞ்சு போன புருஷன் கீழ தெருவுல நின்னு பொண்டாட்டி கடிதத்தை எடுக்கறதுன்னு ஆயிடுச்சு. அதான் யார் யார் ஒரு வீடுங்கறதைப் பெட்டியே முடிவு பண்ற மாதிரி வச்சுட்டாங்க."

"எதை வச்சு முடிவு பண்ணுது?"

"பேச்சை வச்சு. என்ன பேசுறீங்கன்னு அது கேட்காது சார். யார் பேசினது, யார் அதுக்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான். தொண்ணூறு நாள் ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்லலைன்னா தனித்தனின்னு பிரிச்சிடும். மேன்ஷன்ல அடுத்தடுத்த ரூம்ல இருக்கறவங்க மாதிரி."

தணிகாசலம் தாளை நான்காக மடித்தார். "இந்தப் பெட்டி வந்து நூத்தியொன்பது நாள் ஆகுது" என்றார். அளவுகளோடு வாழ்ந்தவர். மிச்சத்தை அவரே கழித்துப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க மாத்தி விட முடியாதா?"

"பேரை எடுக்கலாம், சேர்க்க யாராலயும் முடியாது சார். முடிஞ்சா அந்தப் புருஷனும் மாத்திக்குவான்ல. நீங்க ரெண்டு பேரும் பேசினா அதுவே சேர்த்துடும். வாரத்துக்கு ஏழெட்டு நிமிஷம் போதும்."

"ஏழெட்டு நிமிஷம்" என்று அவர் சொன்னது, ஆற்றின் அகலத்தைக் கேட்டுவிட்டு அதைத் திருப்பிச் சொல்பவர் போல இருந்தது.

"இல்லைன்னா ஃபோன்ல மெசேஜ் போட்டுக்கலாமே சார்."

"மெசேஜ் போட்டா அவங்க கையில டிங்னு அடிக்கும். நான் கூப்பிடற மாதிரி ஆயிடும். இது அப்படி இல்லைம்மா. நான் எழுதி வச்சுட்டுப் போயிடுவேன். அவங்களா வந்து பார்த்தாத்தான் உண்டு."

"ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினா?"

இதற்கு அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. "தாள்ல அவர் கையெழுத்து இருக்கும்மா."

பெட்டியின் கணக்கில் அது பிலோமினாவுக்குச் சொன்ன பதில், அவருக்கு இல்லை.

பேச்சு நின்ற காரணத்தைச் சௌந்தரவல்லியே சொன்னார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் மகள் தேன்மொழிக்கு மணப்பாறையில் கல்யாணம். விடிந்தால் முகூர்த்தம். பெண்ணுக்குத் தாய்மாமனான கருணாகரன், சௌந்தரவல்லியின் ஒரே தம்பி, திண்டுக்கல்லிலிருந்து வரும் வழியில் பேருந்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். காலை ஐந்து மணிக்கு அந்தச் செய்தி தணிகாசலத்துக்கு வந்தது. தெரிந்தால் தீட்டு, கல்யாணம் நின்றுவிடும். அவர் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லி, யாரிடம் மறைக்க வேண்டுமோ மறைத்தார். மாமன் மாலைக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவரை நிறுத்தினார்.

"தம்பி எங்கன்னு கேட்டேன். பஸ் லேட்டுன்னாங்க. நான் வாசல்ல நின்னு எல்லாருக்கும் சந்தனம் குடுத்துக்கிட்டிருந்தேன். நானூறு பேர், தெரிஞ்சுகிட்டே பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டிருக்காங்க. சாயங்காலம்தான் எனக்குச் சொன்னாரு. போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க."

பிலோமினா கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"எல்லாரும் அவர் செஞ்சது சரின்னாங்க. சரிதான். சரியாச் செஞ்சவர்கிட்ட என்னத்தைப் பேசறது?"

நியூசிலாந்துக்குப் போகும் முன் அந்தக் கோப்பைத் திறந்து கொடுத்தவள் தேன்மொழிதான். பிறகு அவளும் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டாள்.

"இந்தப் பத்தொன்பது நாளா எப்படிம்மா சமாளிச்சீங்க?"

"அரிசியும் மாத்திரையும் எப்படியாவது வந்துடும். அவர் சாப்பிட்டாரா, வெளிய போயிருக்காரா, ஒண்ணும் தெரியலை. முன்னாடி எழுதி வைப்பாரு." சௌந்தரவல்லி திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "திருவெறும்பூர்ல அக்கா மக இருக்கா. வந்துடுங்க சித்தின்னு கூப்பிடறா. இந்த மாசம் பார்த்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன். பெட்டி சொல்றதும் சரிதானே. தெரியாத ஆளுங்க ரெண்டு பேர்."

விதிப்படி அந்தப் புகாரை அன்றே மூடியிருக்க வேண்டும். பிலோமினா அதில் 'கண்காணிப்பில்' என்று எழுதினாள். சனிக்கிழமை தனக்கு விடுமுறை என்றும், வந்து இன்னொரு முயற்சி செய்கிறேன் என்றும் தணிகாசலத்திடம் சொன்னாள்.

பிலோமினாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பாலக்கரையில் ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வீட்டில் இருந்தாள். அப்பா இறந்து தொண்ணூறு நாள் ஆனபோது அவளுடைய பெட்டி அவர் பெயரைத் தானாகவே எடுத்துவிட்டது. அது அப்படித்தான் செய்யும் என்று பலருக்கும் விளக்கிச் சொன்னவள் அவள். சனிக்கிழமைகளில் துணி துவைப்பாள். ஞாயிறு பூசைக்குப் போவாள். அவளுடைய ஒரு வரிக்காக யாராவது காத்திருக்கும் பகிர்வுக் கோப்பு எதுவும் அவளிடம் இல்லை.

முதல் சனிக்கிழமை இருவரையும் கூடத்தில் உட்கார வைத்தாள். சோபாவின் இந்த முனையில் ஒருவர், உணவு மேசையருகே ஒருவர்.

"சார், கேஸ் வந்துடுச்சான்னு அம்மாகிட்டக் கேளுங்க."

"கேஸ் வந்துடுச்சா?" தணிகாசலம் பிலோமினாவைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த வியாழக்கிழமையே வந்துடுச்சுன்னு சொல்லுங்கம்மா." சௌந்தரவல்லியும் பிலோமினாவைப் பார்த்தே சொன்னார்.

"என்னைப் பார்க்காதீங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கங்க."

"இல்லைன்னா எதுக்கு ஜாங்கிரி வாங்கிட்டு வந்தேன்?" என்றார் தணிகாசலம்.

"அவர் வாங்கினா அந்தக் கடையிலதான் வாங்குவாரு. எண்ணெய் நாத்தம். சாப்பிடாதீங்க, வயித்தைக் கெடுக்கும்."

"எண்ணெய் நாத்தம் அடிக்கிற ஜாங்கிரியை நேத்து ரெண்டு காணோம், அது எப்படின்னு கேளுங்கம்மா."

சௌந்தரவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. முசிறிப் பக்கம் தான் வரைந்த பாலத்தைப் பற்றி அவர் சொன்னார். ஒரு பாடநூலில் தவளைக்கு ஐந்து கால் போட்டிருந்ததை இவர் சொன்னார். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டார். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் திருத்தினார். எல்லாம் பிலோமினாவின் வழியாகவே நடந்தது. கிளம்பும்போது, "ஒண்ணும் நடக்கலையேம்மா" என்றார் தணிகாசலம். "அடுத்த சனிக்கிழமை பார்ப்போம் சார்" என்றாள்.

இரண்டாவது சனிக்கிழமையும் அப்படியே போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை சேமியா உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூலைக் கணினி மெல்லிய ஓர் ஒலி எழுப்பியது. தணிகாசலம் கையைக் கழுவாமலே போய்ப் பார்த்தார். பகிர்வுக் கோப்புறை வந்திருந்தது. இடது கையால் எதையோ தட்டினார். சௌந்தரவல்லி எழுந்து அறைக்குள் போனார்; நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பிலோமினா பலகைக் கணினியைத் திறந்தாள்.

வீடு: 1. இருப்பவர்கள்: மூவர்.

மூன்று பெயர்கள், இரண்டு கோடுகள். தணிகாசலத்திடமிருந்து ஒரு கோடு பிலோமினாவுக்கு வந்தது. சௌந்தரவல்லியிடமிருந்து ஒரு கோடு பிலோமினாவுக்கு வந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவே எதுவும் இல்லை. அவளை எடுத்துவிட்டால் அந்த நிமிடமே பழையபடி இரண்டு வீடு.

வாடிக்கையாளர் வீட்டுப் பட்டியலில் பணியாளர் பெயர் சேர்ந்துவிட்டால் அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். நீக்கவில்லையென்றால் வேலை போகும். பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் விதி அது. அவள் தன் பெயர்மேல் விரலை வைத்தாள்.

"வந்துடுச்சும்மா" என்றார் தணிகாசலம், திரும்பாமலே. "அவங்க படிச்சுட்டாங்க. நான் 'உள்ளது'ன்னு எழுதினதுல ஒரு எழுத்து விட்டிருந்தேன். திருத்திட்டாங்க."

பிலோமினா பலகைக் கணினியைப் பைக்குள் வைத்தாள்.

வீட்டில் இருப்பவராகப் பெட்டி ஒருவரை ஏற்றுக்கொண்டால், அவர் எந்த ஊரில் இருந்தாலும் அந்த வீட்டின் கோப்பு அவருக்குத் திறக்கும். முதல் வாரம் பிலோமினா அதைத் தொடவில்லை. இரண்டாவது வாரம், இணைப்பு நிலைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறந்தாள். பிறகு தினமும் காலையில், பால் காய்கிறவரை, அடுப்படியில் நின்றபடி தொலைபேசியில் வாசித்தாள்.

வாழைப்பூ வாங்கினேன். நரம்பு எடுத்து வைத்திருக்கிறேன்.

பல் மருத்துவரிடம் போகிறேன். ஒரு மணிக்குள் வந்துவிடுவேன்.

மதியம் இருவருக்கும் சோறு இருக்கிறது.

பிலோமினா சுக்குக் காபியை வேண்டா வெறுப்பாகக் குடித்தாள். இனி சாதாரணக் காபியே போடலாம்.

சரி.

அந்த நாலாவது வரியை அவள் பலமுறை வாசித்தாள். அவள் இல்லாத இடத்தில் அவளைப் பற்றி இரண்டு பேர் பேசியிருந்தார்கள்.

சனிக்கிழமைகள் தொடர்ந்தன. திருவெறும்பூர்ப் பேச்சைச் சௌந்தரவல்லி பிறகு எடுக்கவில்லை. 'நீங்க' என்பது 'நீ' ஆனது. வீட்டுக்குள் நுழையும்போதே, "வா, கையைக் கழுவிட்டு உட்காரு" என்பார். ஒவ்வொரு வாரமும் பெட்டி காட்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பிலோமினா படியேறினாள். சொன்னால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்து, பழையபடி உள்ளே போய்விடுவார்கள் என்று தோன்றும். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இறங்குவாள்.

எட்டாவது சனிக்கிழமை கதவு திறந்திருந்தது. சௌந்தரவல்லி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையைக் கழுவச் சொல்லவில்லை.

"செவ்வாய்க்கிழமை காலையில ஆறு பத்துக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

பிலோமினா பையைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்றாள்.

"கோப்புக்கு அடியில யார் யார் பார்த்தாங்கன்னு ஒரு வரி வருது. இத்தனை நாள் அதை நான் பார்த்ததில்லை. நேத்து ஏதோ தேடும்போது கண்ணுல பட்டுது. தணிகாசலம், சௌந்தரவல்லி, பிலோமினா. தினமும் காலையில பிலோமினா."

"அம்மா, அது..."

"அதுக்கு மேல பெட்டிப் பக்கத்தையும் திறந்து பார்த்துட்டேன். படம் போட்டுக் காட்டுது. எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணாவது வாரத்துலேர்ந்து."

மூலையில் தணிகாசலம் நாற்காலியோடு திரும்பினார். "என்ன படம்?" என்றார். சௌந்தரவல்லி பிலோமினாவையே பார்த்தார்.

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா அறுந்து போயிடும்னு பயமா இருந்துச்சும்மா. நீங்க திருவெறும்பூர் போயிடுவீங்கன்னு. உங்க நல்லதுக்குத்தான்..."

சொல்லும்போதே நிறுத்திக்கொண்டாள். ஆனால் சொல்லியாகிவிட்டது.

சௌந்தரவல்லி கோபப்பட்டதாகத் தெரியவில்லை. களைத்துப் போனவர் போல மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு எது தெரியணும்கிறதை எப்பவும் வேற யாராவதுதான் முடிவு பண்றீங்க" என்றார். பிறகு முகத்தை மூலைப் பக்கம் திருப்பினார்.

"இவ பேரை எடுத்துடுங்க."

தணிகாசலம் வழக்கம்போலப் பிலோமினாவைப் பார்த்தார், அவள் அதைத் தன்னிடம் எடுத்துச் சொல்வாள் என்று.

"அவளை ஏன் பார்க்கறீங்க? உங்களைத்தான் சொல்றேன். எடுத்துடுங்க."

அவருடைய வாய் திறந்து மூடியது. "எடுத்தா... கோப்பு போயிடுமோ?" என்று கேட்டார்.

"போனாப் போகுது."

"எங்க எடுக்கறது? எனக்கு அது தெரியலையே."

"அந்தப் பெட்டிப் பக்கத்தைத் திறங்க. அது இல்லை. இன்னும் மேல. கண்ணாடி எங்க?"

"உள்ள வச்சிருக்கேன்."

"சட்டைப் பையில இருக்கு."

அவர் தடவிப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டார். "இதுவா?"

"அதுக்கு அடுத்தது. அது எம் பேரு, அதைத் தொட்டுடாதீங்க."

"தொடலை, தொடலை."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்து, ஒருவர் பின்னால் நின்று. பிலோமினா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டாவது மாடிக்கு இறங்கும்போது கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. இந்த வீட்டிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டது. இப்போது அங்கே ஒரு வீடா, இரண்டா என்பதை அந்தச் செய்தி சொல்லவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு இனி வழியும் இல்லை.

முதல் மாடித் திருப்பத்தில் மேலிருந்து அவசரமாக யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. தணிகாசலம். ஒரு கை கைப்பிடிச்சுவரில், மறு கையில் அவளுடைய கருவிப் பை.

"பையை விட்டுட்டு வந்துட்டீங்க."

"மெதுவா வந்திருக்கலாம்ல சார். மூச்சு வாங்குது பாருங்க."

"குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றார். பையைக் கொடுத்த பிறகும் கை நீட்டியபடியே இருந்தது. "அவங்க சொன்னாங்கம்மா. என்கிட்டச் சொன்னாங்க."

அவள் தலையசைத்தாள். மேலே, "கிடைச்சாளா?" என்று ஒரு குரல் கேட்டது. "கிடைச்சுட்டாங்க, இதோ வந்துட்டேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே அவர் திரும்பி ஏறினார்.

கதவு சாத்தப்படும் சத்தம் கேட்கும்வரை பிலோமினா அங்கேயே நின்றாள். அடுத்த சனிக்கிழமையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.